மூடியின் மேல் உட்கார்ந்த அக்கா

ஆய்வகத்துக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுக்க வேண்டும் என்று உங்கள் மேலாளர் கேட்டார். "உங்க சாதனைகள எழுதுங்க சார்" என்றார். மலேசியாவில், இந்தப் பாசிர் கூடாங்கில், ஒரே தொழிற்சாலையில் முப்பது வருடத்துக்கு மேல் குப்பை கொட்டியவன் நான். சாதனை என்று தேடினால் இரண்டு மூன்று தேறும். அவற்றை ஏற்கெனவே சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டியிருக்கிறார்கள், யாருக்காவது காத்திருக்கும்போது படித்துக்கொள்ளுங்கள். நான் எழுதப் போவது ஒரே ஒரு நாளைப் பற்றி. அன்றைக்கு ஒரு மனிதரைக் கொல்லப் பார்த்தேன். அவர் பிழைத்ததற்கு நான் காரணம் இல்லை.

நம் வேலை உங்களுக்குத் தெரியும். ஆனாலும் உங்கள் வீட்டில் யாராவது இதை எடுத்துப் படித்தால் புரிய வேண்டும் என்பதால் இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். நம் பிழைப்பு துளைகளில் இருக்கிறது. சிலிக்கா மணியானாலும் சரி, எண்ணெய் எடுக்கும் செம்பனையின் கொட்டை ஓடுகளைச் சுட்டெடுத்த கார்பனானாலும் சரி, கண்ணுக்குத் தெரியாத அந்தத் துளைகளில்தான் ஈரமும் அழுக்கும் வாடையும் போய் ஒட்டிக்கொள்கின்றன. சிலிக்காவை மூடிய கலனில் தண்ணீரோடு அழுத்தத்தில் வேக வைத்தால் துளை அகலமாகும். சாதாரணச் சூட்டில் நாள் கணக்கில் ஆகிற வேலை மைக்ரோவேவில் சீக்கிரமே முடிந்துவிடும். கார்பனையும் நைட்ரஜனுக்குள் வைத்து மைக்ரோவேவில் சூடாக்கினால், அதன் மேற்பரப்பில் ஒட்டியிருக்கும் ஆக்சிஜன் எல்லாம் கழன்று, துடைத்து வைத்த பாத்திரம் மாதிரி வெளியே வரும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் சிலிக்காவில் நான் ஒரு கூத்து அடித்தேன். கலனைத் திறந்ததும் கைக்கு எட்டிய மேல் மணிகளை மட்டும் அள்ளிச் சோதித்து, எல்லாம் சரி என்று எழுதிவிட்டேன். மேலே இருந்தவை ஆவியில் மட்டும் வெந்தவை. அடியில் தண்ணீருக்குள் கிடந்தவை வேறு சரக்காகவே மாறிப் போயிருந்தன. பாதி மூட்டைகள் திரும்பி வந்தன. அன்று வாங்கிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது. இனிமேல் அடியிலிருந்தும் மாதிரி எடுக்க வேண்டும் என்று கற்றுக்கொண்டுவிட்டதாக நினைத்துக்கொண்டேன். அந்தத் தவறில் போனது மூட்டைகள் மட்டும்தான்.

பல வருடம் கழித்து, நான் மூத்த வேதியியலாளராகி, நான் சொன்னால் மறுபேச்சுப் பேச ஆள் இல்லாத காலத்தில், அந்தப் புதுக் கார்பன் பிறந்தது. தண்ணீரில் இருக்கும் குளோரின் வாடையை அது பழைய சரக்கைவிட வேகமாகப் பிடித்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அதில் ஒரே ஒரு சின்னத் தொந்தரவு இருந்தது. மாதிரியைப் போட்டு மூடி வைத்த கண்ணாடிப் புட்டிகள் மறுநாள் திறக்க வராது. ரப்பர் மூடியை யாரோ உள்ளேயிருந்து இழுத்துப் பிடித்திருப்பது போல இருக்கும். "அலமாக், இந்தப் புட்டிக்கு யாரு சூனியம் வச்சா!" என்று ஆய்வகத்தில் சிரித்துக்கொண்டே இரண்டு பேர் சேர்ந்து இழுப்பார்கள். காரணம் எனக்குத் தெரியும். துடைத்து வைத்த அந்தக் கார்பன் புட்டிக்குள் இருக்கும் காற்றிலிருந்து ஆக்சிஜனைத் தின்றுவிடுகிறது. ஈரமாக இருந்தாலும் தின்னும். அறிக்கையில் அதைப் பற்றி நானே ஒரு பத்தி எழுதி, மாதிரிகளை நைட்ரஜனில் வைக்கவும் என்று முடித்திருந்தேன். எடை போடும்போது தராசில் எண் ஏறிக்கொண்டே போகிறதே என்பதுதான் என் கவலை.

பிறகு அதைப் பெரிய அளவில் ஓட்டிக் காட்டும் நாள் வந்தது. தொழிற்சாலையின் பின்பக்கம், இரண்டு ஆள் உயரத்துக்கு மேல் ஒரு இரும்புக் கலன். உச்சியில் ஓர் ஆள் இறங்கும் அளவுக்கு வாய், அதற்குக் கனமான மூடி, சுற்றி நிற்க ஒரு மேடை. முதல் நாள் மாலையே பாதி உயரத்துக்குக் கார்பனைக் கொட்டி, ஊற வைத்து, தண்ணீரை வடித்தாயிற்று. மறுநாள் மதியம் மூன்று மணிக்கு, வாங்கப் போகிற நிறுவனத்து ஆட்கள் வருவார்கள். அவர்களுக்குப் பிடித்தால் நம் மைக்ரோவேவ் பிரிவு பிழைக்கும், பிடிக்காவிட்டால் மூடிவிடுவோம் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். காலையில் வந்து பார்த்தால், கலனுக்குள் தண்ணீர் தெளிக்கும் குழாயின் பிடி உடைந்து, குழாய் ஒரு பக்கமாகத் தொங்குகிறது. யாராவது உள்ளே இறங்கி மாட்ட வேண்டும்.

இறங்கப் போகிறவர் குணா. முப்பதைத் தாண்டியவர், மூவார்க்காரர், வேலைக்காக இங்கே வந்து குடும்பம் வைத்துக்கொண்டவர். இப்படிப்பட்ட இடங்களில் இறங்கி வேலை செய்ய முறையாகப் பயிற்சி எடுத்தவர். எந்த நட்டுக்கு எந்த ஸ்பேனர் என்று தூரத்திலிருந்தே சொல்வார்.

வாசலில் நிற்கப் போகிறவர் ஓர் அக்கா. பெயரைப் போட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார், போட்டால் வீட்டில் கேலி செய்வார்களாம். குத்தகை நிறுவனத்து ஆள். என்னைவிட ஐந்தாறு வயது சின்னவர், ஆனாலும் அந்தத் தொழிற்சாலையில் எல்லாருக்கும் அக்காதான். ஓர் ஆள் கலனுக்குள் இருக்கும் வரை வெளியே நின்று அவரைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், ஏதாவது ஆனால் விசில் அடித்து உதவி கூப்பிட வேண்டும், எக்காரணம் கொண்டும் தான் உள்ளே போகக் கூடாது. இதுதான் அவர் வேலை. சும்மா நிற்பதற்கு ஒரு சம்பளம் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

இரவு முழுவதும் மூடி திறந்து கிடந்தது, காற்று விசிறியும் ஓடியது. காலை ஒன்பது மணிக்கு உள்ளே ஆக்சிஜன் எவ்வளவு என்று நானே மீட்டரைப் பிடித்துப் பார்த்தேன். அதற்கான சான்றிதழ் என்னிடமும் உண்டு. மீட்டரின் குழாயைக் கலனின் அடிவரை இறக்கிப் பார்க்க வேண்டும் என்பது விதி. நான் கலன் வாயருகே மட்டும் காட்டினேன். இருபது புள்ளி ஒன்பது சதவீதம். நல்ல காற்று. ஆள் உள்ளே இறங்க அனுமதி தரும் பெர்மிட் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சிலிக்காவில் மேல் மணியை அள்ளிய அதே கைதான்.

ஸ்டோரிலிருந்து புதுப் பிடி வர பத்து மணி தாண்டிவிட்டது. அது வந்து சேரவும் மழை பிடித்துக்கொண்டது. ஜொகூர் மழையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மின்னல் இருந்தால் மேடையில் நிற்கக் கூடாது என்பதால் விசிறியைக் கழற்றி, மூடியைப் போட்டுவிட்டு எல்லாரும் இறங்கினோம். மழை விட ஒன்றேகால் ஆயிற்று. விசிறி நனைந்து போயிருந்தது. எலெக்ட்ரிசியன் பார்க்காமல் அதை ஓட்ட முடியாது.

மேடைக்கு ஏறினோம். மனதுக்குள் நிமிடக் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. பிடியை மாட்ட அரைமணி, தண்ணீர் நிரப்ப ஒரு மணி. "திறங்க" என்றேன்.

அக்கா மூடிக்குப் பக்கத்தில் வந்து நின்றார். "சார், காத்து மறுபடி பாக்கணும்."

"காலைல பாத்தாச்சே. பேப்பர்ல இருக்கு."

"அது காலைல உள்ள நம்பர் சார். அப்புறம் மூடி போட்டுட்டோம். ஃபேனும் இல்ல."

"உள்ள என்னமா இருக்கு? கழுவுன கார்பன். வெஷம் கிஷம் ஒன்னுங் கெடையாது. குடிக்கிற தண்ணிக்குப் போடுற சாமான்."

"இருக்கட்டும் சார். மீட்டர் வரட்டும்."

மீட்டர் அந்நேரம் தொழிற்சாலையின் மறுகோடியில், எண்ணெய்த் தொட்டிகள் இருக்கும் பக்கம் வேறொரு வேலைக்குப் போயிருந்தது. வாக்கி டாக்கியில் கேட்டேன். கொண்டு வர நாற்பது நிமிடம் ஆகும் என்றார்கள். நாற்பது நிமிடம் போனால் மூன்று மணிக்குக் காட்ட ஒன்றும் இருக்காது.

குணா பாதுகாப்புப் பட்டையை மாட்டிக்கொண்டு தயாராக நின்றார். "ரெண்டு நட்டு தானேக்கா. பத்து நிமிஷம். சார்தான் சொல்றார்ல, எறங்கிட்டு வந்துடறேன் லா."

மழைத் தண்ணீர் தேங்கி நின்ற அந்த மூடியின் மேல் அக்கா அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"என்னக்கா இது?" என்றார் குணா.

"உக்காந்திருக்கேன்."

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. உங்களிடம் மறைக்காமல் சொல்கிறேன், கத்தினேன். "மூனு மணிக்கு ஆளுங்க வர்றாங்க. ரெண்டு வருச வேல. போச்சுன்னா நீங்களா பதில் சொல்வீங்க? கார்பனப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்?"

"ஒன்னுந் தெரியாது சார். குணாவத் தெரியும். உள்ள போனவன் வெளிய வரணும். அதுக்குத்தான் என்னைய இங்க நிக்க வச்சிருக்கு."

"நீங்க நிக்கலையே, உக்காந்துல்ல இருக்கீங்க! உங்க சூப்பர்வைசருக்குப் போன் போடறேன்."

"போடுங்க சார்."

போட்டேன். அக்காவின் மேலதிகாரி நான் சொன்னதை எல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வாசல்ல நிக்கிறவங்க வேணாம்னா வேணாம்தான் சார். என்னாலயும் மாத்த முடியாது" என்றார். நான் போனைப் பையில் போட்டுக்கொண்டு, முகத்தை வேறு பக்கம் திருப்பி நின்றேன். அந்த நாற்பது நிமிடமும் அக்கா அவ்வப்போது கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார். அவருக்கும் பயம் இருந்திருக்கும். குத்தகை ஆளை ஒரு போனில் வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்பது அவருக்குத் தெரியாதா என்ன?

ஒருவழியாகப் பாதுகாப்புப் பிரிவு ஊழியர் மோட்டார் சைக்கிளில் மீட்டரைக் கொண்டு வந்தார். அக்கா எழுந்து வழி விட்டார். மூடியைச் சற்றே நகர்த்தி, மீட்டரின் மெல்லிய குழாயை அந்த ஊழியர் உள்ளே இறக்கினார். வாயருகே இருபது. நான் அக்காவைப் பார்த்தேன், பார்த்தீர்களா என்பது போல. அவர் என்னைப் பார்க்கவில்லை, எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார். குழாய் இன்னும் கொஞ்சம் இறங்கியது. பதினெட்டு. மீட்டர் கத்த ஆரம்பித்தது. பதினான்கு. குணாவின் தலை இருந்திருக்கக்கூடிய இடத்தில் பத்து. கார்பனுக்குப் பக்கத்தில் எட்டு.

அப்போதுதான் எனக்குப் புட்டிகள் ஞாபகம் வந்தன.

ஆய்வகத்தில் ஒரு கைப்பிடி கார்பன் ஒரு சின்னப் புட்டிக் காற்றுக்குச் செய்ததை, இங்கே கலன் பாதிக் கார்பன் மூன்று மணி நேரத்துக்கு மேல் மூடிக்குள் செய்திருக்கிறது. அந்தக் கார்பன் ஆக்சிஜனைத் தின்னும் என்று என் கைப்பட எழுதியவன் நான். அதை அந்த அளவுக்குப் பசியுள்ளதாகச் செய்தவனும் நான். ஆனால் புட்டி என்றால் ஆய்வகம், கலன் என்றால் வேலையிடம் என்று என் மூளை இரண்டையும் தனித்தனி அறையில் வைத்திருந்தது. உங்களில் பலருக்கும் இப்படித்தான் இருக்கும். படித்தவர்களுக்கென்றே உள்ள வியாதி இது.

இது எப்படிக் கொல்லும் என்றும் தெரிந்துகொள்ளுங்கள். வாடை இருக்காது, எரிச்சல் இருக்காது. மூச்சு முட்டுவதுகூடப் பெரிதாகத் தெரியாது. உள்ளே போகிறவர் ஏணியில் நாலு படி இறங்குவார், முழங்கால் மடங்கும், அவ்வளவுதான். மேலே நிற்பவன் பதறிப் போய்க் காப்பாற்ற இறங்குவான், அவனும் அங்கேயே விழுவான். அன்று அப்படி இறங்கக்கூடியவன் நான்தான்.

"சார், நான் எறங்கியிருந்தா?" என்று கேட்டார் குணா. குரலில் கோபம் இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். வெளியே வந்திருக்க மாட்டீர்கள் என்பதாகத் தலையை ஆட்டினேன். அவர் பட்டையின் கொக்கிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார், கழற்றி முடிக்க வெகுநேரம் ஆயிற்று. "வீட்டுக்குப் போங்க குணா, நான் பாத்துக்கறேன்" என்றேன்.

மூன்று மணிக்கு விருந்தாளிகள் வந்தார்கள். பம்ப் கெட்டுவிட்டது என்று சொல்லிச் சமாளிக்கலாம் என்று எங்கள் மேலாளர் என் காதில் சொன்னார். எனக்கும் ஒரு கணம் அது சுலபமாகத்தான் தெரிந்தது. ஆனால் இந்தச் சரக்கு நாளைக்கு அவர்கள் கலனில் கிடக்கும், அதிலும் ஒரு குணா இறங்குவார். நடந்ததை எல்லாம் சொன்னேன், என் கையெழுத்து உட்பட. வந்தவர்களில் ஒரு சீனப் பெண் பொறியாளர் இருந்தார். நாங்கள் அனுப்பிய மாதிரிப் புட்டியைத் திறக்க முடியாமல் தங்கள் ஆய்வகத்தில் உடைத்தே திறந்தார்கள் என்றும், ஏன் என்று அங்கேயும் யாரும் யோசிக்கவில்லை என்றும் அவர் சொன்னார். இரண்டு வாரம் கழித்து மறுபடி வந்து சோதனையைப் பார்த்தார்கள், சரக்கையும் எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு பையிலும் இன்று நீங்கள் ஒட்டுகிற அந்தச் சிவப்பு எச்சரிக்கைத் தாள் அந்தப் பொறியாளர் கேட்டு வாங்கியது. நீங்கள் உட்கார்ந்திருக்கும் மைக்ரோவேவ் அறை இன்னும் திறந்திருப்பதும் அவர்கள் சரக்கை வாங்கியதால்தான்.

அன்று மாலை ஷிப்ட் முடிகிற நேரத்தில் கேன்டீனில் அக்காவைத் தேடிப் போனேன். தேநீர் ஆற்றிக் குடித்துக்கொண்டிருந்தார். எதிரே உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டேன். இருபது பேர் இருந்த இடம், எல்லாருக்கும் கேட்கும்படியாகத்தான் கேட்டேன். கத்தினதும் எல்லாருக்கும் கேட்கும்படியாகத்தானே.

"பரவால்ல சார்" என்றார். "பேன்ட்டு நனஞ்சதுதான் எனக்கு வருத்தம். நாலு மணி வரைக்கும் காயவே இல்ல."

"எப்படிங்க அவ்ளோ உறுதியா இருந்தீங்க? உள்ள இப்படி இருக்கும்னு சந்தேகம் இருந்துச்சா?"

"சந்தேகம்லாம் இல்ல சார். நானும் நல்ல காத்துதான் இருக்கும்னு நெனச்சேன். பேப்பர்ல மூனாவது வரி இருக்குல்ல, மூடித் தெறந்தா மறுபடி பாக்கணும்னு. தெனம் நின்னுக்கிட்டே இருக்கேன், படிக்க வேற என்ன இருக்கு? அதத்தான் படிக்கிறேன்."

அந்தப் பெர்மிட் தாளின் வாசகத்தை எழுதிக் கொடுத்த குழுவில் நானும் இருந்தேன். மூன்றாவது வரி நான் சொல்லிச் சேர்த்தது. அதை அவரிடம் சொல்ல வெட்கமாக இருந்தது, சொல்லவில்லை. இப்போது இதைப் படித்துத் தெரிந்துகொள்ளட்டும்.

உங்களுக்குப் பாடம் என்று நான் தனியாக எதையும் சொல்லத் தேவையில்லை. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். உங்களைவிடக் குறைவாகப் படித்த ஒருவர் உங்கள் வழியை மறித்துக்கொண்டு நின்றால், அவருக்கு என்ன தெரியும் என்று கேட்பதற்கு முன் அவர் எதைப் படித்திருக்கிறார் என்று கேளுங்கள். நான் மேற்படிப்புப் படித்தேன், பயிற்சிக்காக ஜப்பானுக்குக்கூடப் போய் வந்தேன். அவற்றில் எதையும் நான் குறைவாகச் சொல்லவில்லை. ஆனால் இன்றைக்குப் பொந்தியானில் என் வீட்டு வாசலில் நிம்மதியாகச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன் என்றால், அது அந்த அக்கா எனக்குக் கொடுத்தது. அந்த நன்றி எனக்குத் தீரவே இல்லை.

அன்று ஆறரை மணிக்கு வீட்டில் இருந்தபோது போன் வந்தது. குணாவின் மனைவி. அவரும் பக்கத்தில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை செய்பவர். அதற்கு முன் எனக்குப் போன் செய்ததே இல்லை.

"மன்னிச்சுக்குங்க சார். அவரு இன்னைக்குச் சீக்கிரமா வந்துட்டாரு. கேட்டா ஒன்னும் சொல்ல மாட்டேங்குறாரு, புள்ளைய மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு. வேலைல ஏதும் தப்புப் பண்ணிட்டாரா சார்? வேலைய விட்டு எடுத்துட்டீங்களா?"

"அவரு ஒரு தப்பும் பண்ணலமா" என்றேன். "தப்புப் பண்ணது நான்."

எல்லாவற்றையும் சொன்னேன். நான் போட்ட கையெழுத்து, மழை, மூடி, மூடியின் மேல் அக்கா உட்கார்ந்தது, எட்டு என்ற எண். என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்ட வேண்டும் என்றுகூட விரும்பினேன். அவர் திட்டவில்லை. நான் உண்மையைச் சொன்னதற்காக எனக்கு நன்றியும் சொல்லவில்லை. மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது.

"அந்த அக்கா போன் நம்பரக் குடுங்க சார்" என்றார்.

கொடுத்தேன். எழுதிக்கொள்ள முடியாமல் மூன்று தடவை திருப்பிக் கேட்டார். மூன்று தடவையும் ஒவ்வொரு எண்ணாக நிறுத்திச் சொன்னேன்.